கீழே இருக்கிறது காலி

என் நாத்தனாரைப் பற்றி எழுதப் போகிறேன் என்று சொன்னதும், பள்ளிக்கூட நூலகத்தில் என்னோடு வேலை செய்கிறவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். அண்ணிக்காரி நாத்தனாரைப் பற்றி எழுதினால் காரசாரமாக ஏதாவது கிடைக்கும் என்ற ஆசை. பாவம், அவருக்கு ஏமாற்றம்தான். இது அவளுக்கு நன்றி சொல்வதற்காக எழுதுவது. காரம் கொஞ்சம் இருக்கும், ஏனென்றால் எழுதுவது நான்.

வீட்டில் அவளைக் குடைச்சல் என்று கூப்பிடுவோம். பெயர் வைத்தவர் என் கணவர், அதாவது அவளுடைய அண்ணன். சின்ன வயதில் ரேடியோ, டார்ச் லைட், அலாரம் கடிகாரம் என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் கத்திரிக்கோல் முனையால் குடைந்து திறந்துவிடுவாளாம். திறந்ததில் பாதியைத் திரும்ப மூடத் தெரியாது. போதாக்குறைக்கு, ஏன் எதற்கு என்று கேள்வி கேட்டே ஆளையும் குடைவாள். பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. கல்யாணத்துக்குப் பிறகு அவள் வீட்டுக்காரரும் அதே பெயரில் கூப்பிடுகிறார். அவர் பேக்கரியில் மாவு பிசைகிறவர், பொறுமைசாலி. வேறு எப்படிப்பட்டவர் அவளோடு குப்பை கொட்ட முடியும்?

அவள் வேலை பார்ப்பது கம்ப்யூட்டர் கடையில். முன்னறையில் கண்ணாடிக் கதவு, குளுகுளு காற்று, கழுத்துப்பட்டை கட்டிய விற்பனையாளர்கள். பின்னறையில் ஒரு நீள மேஜை, ஒரு மேஜை விசிறி, குடைச்சல். முதலில் பில் போடத்தான் சேர்ந்தாள். பெட்டிக்குள் பாகங்களைப் பூட்டுகிற ஆள் வராத ஒரு நாளில் வாடிக்கையாளர் ஒருவர் கத்தித் தீர்க்க, இவள் பில் புத்தகத்தை மூடிவிட்டுப் பின்னால் போய்ப் பூட்டிக் கொடுத்துவிட்டாள். அதற்கப்புறம் பில் போடக் கடைக்காரர்கள் வேறு ஆள் தேடிக்கொண்டார்கள்.

பெட்டியைத் திறந்து அவள் டிஸ்க் மாட்டுவதை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பெட்டியைத் துணி மேல் பக்கவாட்டில் படுக்க வைப்பாள். எதையும் தொடுவதற்கு முன் வெறும் இரும்பில் ஒருமுறை கையை வைப்பாள், உடம்பில் இருக்கிற மின்சாரம் இறங்கிப் போகட்டும் என்று. டிஸ்க்கைத் தட்டில் செருகி, ஓட்டையும் ஓட்டையும் நேராக வரும்வரை தள்ளுவாள். எல்லா ஸ்க்ரூவையும் முதலில் விரலாலேயே பாதி ஏற்றிவிட்டு, பிறகுதான் ஸ்க்ரூடிரைவரை எடுப்பாள். "விரல்லயே ஓடணும் அண்ணி. ஓடலைன்னா அது வேற ஆளோட ஸ்க்ரூ. அமுக்கித் திருகினா மரை போயிடும்" என்பாள். மலிவான பெட்டிகளின் தகட்டு ஓரம் பிளேடு மாதிரி இருக்கும். அவள் விரல்களில் எப்போதும் பிளாஸ்திரி இருக்கும். ஸ்க்ரூக்களை, கிழமைக்கு ஒரு அறை வைத்த மாத்திரை டப்பாவில் போட்டு வைப்பாள். என் கணவருடைய மாத்திரை டப்பாவும் அதே நிறம். ஒருமுறை மத்தியான மாத்திரையைக் கொடுக்கலாம் என்று திறந்தால் உள்ளே ஸ்க்ரூ. நல்லவேளை, கண்ணாடி போட்டிருந்தேன்.

எனக்கும் அவளுக்கும் நடந்த சண்டைக்கெல்லாம் காரணம் ஒன்றுதான். யார் எதைச் சொன்னாலும் அவள் நம்ப மாட்டாள், தானே போய்ப் பார்ப்பாள். அடுப்பை அணைத்துவிட்டேன் என்று நான் சொன்னால், தலையை ஆட்டிவிட்டு எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருவாள். கதவைப் பூட்டிவிட்டேன் என்றால் இழுத்துப் பார்ப்பாள். தொழிலில் அது நல்ல குணம். அடுத்தவள் வீட்டு அடுப்படியில் அது குணமா? நீங்களே சொல்லுங்கள்.

என் கணவர் பழைய சாமான்களை ஏலம் விடுகிறவர். ஏலக்கூடத்தில் மேடை மேல் நின்று வாயைத் திறந்தாரென்றால், கால் உடைந்த நாற்காலியைக்கூடப் பேசியே விற்றுவிடுவார். வீட்டிலும் அந்த வாய் ஓயாது. அப்படிப்பட்டவருக்கு ஒரு காலை, பல் துலக்கிக்கொண்டிருக்கும்போது மூளையில் ரத்தம் அடைத்துக்கொண்டது. உயிர் பிழைத்தார். வலது கை பாதி வந்தது, கால் முக்கால் வந்தது. பேச்சு மட்டும் வரவில்லை. நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரியும். மனதில் இருப்பதும் தெளிவாகத்தான் இருக்கும். வார்த்தைதான் வராது. எழுதவும் வராது. கடலளவு பேசிய மனிதருக்கு மிஞ்சியது ஒரே ஒரு சொல்: "அப்புறம்." பசித்தாலும் அப்புறம், கோபம் வந்தாலும் அப்புறம்.

ஆஸ்பத்திரியில் படம் போட்ட அட்டைகள் கொடுத்தார்கள். யாரோ ஒருவன் பல்லைக் காட்டிக்கொண்டு தண்ணீர் குடிக்கிற படம், யாரோ ஒருத்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிற படம். அவர் அந்தக் கட்டைத் தூக்கி எறிந்துவிட்டார். எனக்கும் அந்தப் பல்லழகனைப் பிடிக்கவில்லை. அதனால் நாங்களே எடுத்தோம். அவர் விரலைக் காட்டக் காட்ட, நான் போனில் படம் பிடித்தேன். எந்தப் படம் எந்த வார்த்தை என்று அவர்தான் முடிவு செய்தார். அவருடைய டீ டம்ளர் நிமிர்ந்திருந்தால் "டீ வேணும்", அதே டம்ளர் கவிழ்ந்திருந்தால் "போதும்". குளியலறையில் சொட்டுகிற குழாய் "அலுப்பு". எதிர்வீட்டு இரும்பு கேட் "எனக்கு இது பிடிக்கவில்லை", ஏனென்றால் அந்த கேட் எப்போது பார்த்தாலும் பூட்டியே கிடக்கும். இடுப்பில் கை வைத்து நான் நிற்கிற படம் ஒன்று உண்டு. அதன் வார்த்தை "புயல்". இந்த நிலையிலும் மனிதருக்குக் குசும்பு போகவில்லை என்று அன்று நான் அழுதுகொண்டே சிரித்தேன்.

படங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒவ்வொன்றுக்கும் அந்த வார்த்தையையே பெயராக வைத்தேன். நூலகக்காரி அல்லவா, பெயர் வைக்காமல் எதையும் விட முடியாது. அங்கிருந்து அவர் போனுக்கு. படத்தைத் தொட்டால் அடியில் பெயர் தெரியும். சமையலறைக்கும் கூடத்துக்கும் நடுவே நாங்கள் மறுபடியும் பேச ஆரம்பித்தோம், சண்டை உட்பட.

குடைச்சல் வாரம் தவறாமல் வருவாள். வந்து அண்ணன் எதிரிலேயே நின்றுகொண்டு என்னிடம், "அண்ணன் எப்படி இருக்கார் அண்ணி?" என்பாள். பிறகு ஏதாவது ரிப்பேரைத் தேடிக்கொண்டு கம்ப்யூட்டர் மேஜைக்கு அடியில் போய்விடுவாள். "வெளியே வந்து அவரோட ரெண்டு வார்த்தை பேசேன்" என்பேன். "இதோ வந்துட்டேன், இந்த ஃபேன் சத்தம் போடுது" என்று அடியிலிருந்தே குரல் வரும். ஃபேன் சத்தம் போடவில்லை என்பது எனக்கும் தெரியும். கல்நெஞ்சக்காரி என்று நினைத்தேன். அண்ணனை அப்படிப் பார்க்க அவளுக்குப் பயம் என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

இப்படியிருக்க, அவருடைய போன் வாளித் தண்ணீரில் விழுந்து செத்துப்போனது. புதுப் போன் வாங்கினோம். படங்களை மறுபடி ஏற்ற வேண்டும். ஆனால் கம்ப்யூட்டர் ஆமையாகியிருந்தது. குடைச்சல் புது டிஸ்க் ஒன்றோடு ஒரு விடுமுறைக் காலையில் வந்தாள். பழைய மாதிரி செங்கல் கனம் இல்லை, உள்ளங்கைக்குள் அடங்குகிற தட்டையான வில்லை. இதில் விண்டோஸை ஏற்றிவிட்டால் பறக்கும் என்றாள். போன் செத்ததிலிருந்து என் கணவர் வார்த்தையில்லாமல் உட்கார்ந்திருந்தார். அவள் பெட்டியைத் திறப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பெட்டிக்குள் ஏற்கெனவே இரண்டு டிஸ்க் இருந்தன, மேலே ஒன்று, கீழே ஒன்று. மேஜைக்கு அடியிலிருந்து அவள் குரல் வந்தது.

"அண்ணி, படமெல்லாம் எதுல இருக்கு? மேலயா, கீழயா?"

நான் அடுப்படியில் இருந்தேன். "மேல இருக்கிறதுலதான். கீழ இருக்கிறது காலி."

"காலியா? பாத்தீங்களா?"

"ஏய் குடைச்சல், அன்னைக்கு நம்ம தெருமுனைக் கடையில கம்ப்யூட்டரைக் காட்டினப்போ அந்த மெக்கானிக்கே சொன்னாரு. 'கீழ இருக்கிறது காலி மேடம், பாத்துக்கங்க'ன்னு. ஒரே ஒரு தடவையாவது நான் சொல்றதை நம்பேன்!"

ஸ்க்ரூ டப்பா ஒருமுறை குலுங்கியது. பிறகு, "சரி அண்ணி" என்றாள். எங்கள் இத்தனை வருடப் பழக்கத்தில் அவள் எழுந்து போய்ப் பார்க்காமல் விட்டது அந்த ஒரு தடவைதான்.

அவளுக்கு ஜாக்கிரதை அதிகம். தப்பித் தவறிக் கை பட்டுவிடக் கூடாது என்று மேல் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றி வைத்தாள். காலிதானே, புதிதாகப் பயன்படட்டும் என்று கீழே இருந்ததைச் சுத்தமாகத் துடைத்தாள். புதியதில் விண்டோஸ் ஏற்றினாள். எல்லாம் முடிந்து மேல் டிஸ்க்கை மறுபடி மாட்டிப் பார்த்தால், அதில் பழைய விண்டோஸ் மட்டும்தான் இருந்தது. ஒரு படம்கூட இல்லை.

நான் கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தபோது அவள் சட்டென்று கீழே குனிந்து, சுவரிலிருந்து பிளக்கையே பிடுங்கி எறிந்தாள். பிறகு மெதுவாக வெளியே வந்தாள். என்னைப் பார்க்கவில்லை. நேரே அண்ணன் முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தாள்.

"அண்ணா, உன் படத்தையெல்லாம் நான் அழிச்சுட்டேன்."

டிஸ்க் கெட்டுப்போச்சு என்று அவள் சொல்லியிருக்கலாம். எங்கள் இருவருக்கும் அது பொய்யென்று தெரிய வழியே இல்லை. அண்ணி தப்பாகச் சொன்னாள் என்றும் சொல்லியிருக்கலாம். அதில் உண்மையும் இருந்தது. இரண்டும் சொல்லவில்லை. அவருக்கு நோய் வந்த பிறகு, என்னை நடுவில் வைக்காமல் அண்ணனிடம் அவள் நேராகப் பேசிய முதல் பேச்சு அதுதான்.

அவர் அவளை உற்றுப் பார்த்தார். "அப்புறம்?" என்றார்.

"அப்புறம்... எடுக்க முடியுமான்னு பாக்குறேன். கடவுளே, முடியணும்."

"காலின்னுதானே சொன்னான்! என் காதாலே கேட்டேன்!" என்று கத்தினேன்.

"எப்படிச் சொன்னான்? அதே மாதிரி சொல்லிக் காட்டுங்க."

மெக்கானிக் மாதிரியே உதட்டைப் பிதுக்கி, கையை விரித்து, "காலி மேடம், பாத்துக்கங்க" என்றேன். சொல்லி முடிக்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது. பஸ்ஸில் சீட்டு காலி என்றால் ஓடிப்போய் உட்காருகிறோம். ஆள் காலி என்றால் துண்டை வாயில் பொத்திக்கொள்கிறோம். அந்த மனிதர் டிஸ்க் சாகக் கிடக்கிறது, உள்ளே இருப்பதைப் பத்திரப்படுத்துங்கள் என்று சொல்லியிருக்கிறார். நானோ, அடடே, இடம் நிறைய இருக்கிறது என்று சந்தோஷமாக வீட்டுக்கு வந்திருக்கிறேன். இன்னொரு பிரதி எடுத்து வைத்திருக்கக் கூடாதா என்று பிற்பாடு ஊரே கேட்டது. பிற்பாடு கேட்பதில் யாருக்கும் சிரமமில்லை.

"அழிஞ்சது ஒரு பக்கம், சாகப் போறது இன்னொரு பக்கமா" என்று குடைச்சல் தலையில் கை வைத்துக்கொண்டாள். வைத்த கையை உடனே எடுத்தும்விட்டாள். கடைக்கு லீவு சொன்னாள். கடையிலிருந்து பெரிய டிஸ்க் ஒன்றை இரவல் வாங்கி வந்து மேலே பூட்டினாள். கீழே இருந்ததைத் தட்டிலிருந்து உருவி வெளியே எடுத்து, மடித்த துண்டின் மேல் படுக்க வைத்தாள். உள்ளே சூடு தாங்காது, அதிர்வும் ஆகாது என்றாள். துடைத்தால் உள்ளே இருப்பது உடனே போய்விடாதாம், மேலே வேறு எதையாவது எழுதினால்தான் போகுமாம். ஆகவே முதலில் அந்த டிஸ்க்கை முழுசாக, நல்லது கெட்டது பார்க்காமல், அப்படியே இரவல் டிஸ்க்கில் இறக்க வேண்டும். நடுவில் அது உயிரை விடாமல் இருக்க வேண்டும்.

அது டக், டக் என்று இருமியது. சில சமயம் இருமலும் நின்றுவிடும். அப்போதெல்லாம் நாங்களும் மூச்சு விடவில்லை. அவள் இரண்டு விரலை அதன் மேல் வைத்துச் சூடு பார்த்தாள். என் கணவர் எழுந்து, காலை இழுத்துக்கொண்டு போய், மேஜை விசிறியை நல்ல கையால் அதன் பக்கம் திருப்பி வைத்தார். "இன்னும் கொஞ்சம் கிட்ட, அண்ணா" என்றாள். அவர் கிட்டே தள்ளினார். நோயாளியை மூன்று பேராகப் பார்த்துக்கொண்டோம்.

பிழைத்தது. முழுசாக இறங்கிய பிறகு அதிலிருந்து படங்களைத் தேடி எடுக்கிற வேலை நடந்தது. திரையில் முதலில் யாரோ ஒரு நடிகையின் சோப்பு விளம்பரம் வந்தது, பிறகு என்றைக்கோ நான் பார்த்த புடவை ஒன்று, பிறகு டீ டம்ளர். நிமிர்ந்த டம்ளர்! நான் போட்ட கூச்சலில் எதிர்வீட்டு இரும்பு கேட்டே திறந்தது.

ஆனால் படம் வந்ததே தவிர, பெயர் வரவில்லை. நான் பார்த்துப் பார்த்து வைத்த வார்த்தைகள் எல்லாம் போய், ஒவ்வொரு படத்துக்கும் அடியில் வெறும் எண். எது எந்த வார்த்தை என்பதும் அதோடு போய்விட்டது. அதை முழுசாகத் தெரிந்தவர் ஒருவர், அவரோ சொல்ல முடியாதவர்.

எனக்குப் பாதிக்கு மேல் ஞாபகம் இருந்தது. குடைச்சல் கேட்டபோது, "எனக்கு எங்க ஞாபகம்? எல்லாம் மறந்துபோச்சு. நீயே அண்ணன்கிட்ட கேட்டுப் பெயர் போடு" என்று சொல்லிவிட்டு நூலகத்துக்குக் கிளம்பினேன். வாழ்க்கையில் நான் சொன்ன பொய்களில் எனக்குப் பிடித்தது அது.

மத்தியானம் வந்து செருப்பைக் கழற்றும்போதே உள்ளே சத்தம் கேட்டது.

"குழாய். தண்ணி வேணுமா? இல்லையா? குளிக்கணுமா? அதுவும் இல்லையா? அப்போ குழாய் ரிப்பேரா? நான் வேணா வாஷர் மாத்தட்டுமா?"

"அப்புறம்!" என்று அவர் மேஜையைத் தட்டினார்.

"கோச்சுக்காதே. இரு, யோசிக்கிறேன்."

நான் வாசலிலேயே நின்று எட்டிப் பார்த்தேன். அவர் தோளைத் தொங்கவிட்டார், வாயைத் திறந்தார், குழாய் சொட்டுகிற மாதிரியே ஒரு பெருமூச்சு விட்டார்.

"அலுப்பா?"

அவர் இரண்டு கையையும் தூக்கினார், பாதி வந்த கை உட்பட.

"ஏன்யா, ஒரு குழாயைக் காட்டி அலுப்புன்னா எவனுக்குய்யா புரியும்?" என்று அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பில் ஏலக்கூடத்துச் சத்தம் கொஞ்சம் இருந்தது. நான் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை. உள்ளே போனால் நின்றுவிடுமோ என்று அப்படியே நின்றேன்.

அந்த லீவு முழுக்க இதேதான் நடந்தது. அவள் குடைவாள், அவர் மறுப்பார், அவள் மறுபடி குடைவாள். பெயரே இதற்காகத்தான் வைக்கப்பட்டது போலிருந்தது. என் படம் வந்தபோது மட்டும் எந்த யோசனையும் இல்லாமல் "புயல்" என்று முதல் தடவையே சரியாகச் சொல்லிவிட்டாள். இருவரும் என்னைத் திரும்பிப் பார்க்காமல் கைகொடுத்துக்கொண்டார்கள்.

கடைசி நாள் நானும் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அடுத்த படத்தைத் திறந்தாள். மேஜை, அடியில் திறந்த பெட்டி, பெட்டிக்குள் தலையை விட்டுக் குனிந்திருக்கிற ஒரு முதுகு, பிளாஸ்திரி சுற்றிய ஒரு விரல்.

"இது நானா? எப்ப எடுத்தீங்க?" என்றாள். "ரிப்பேரா? கம்ப்யூட்டரா?" அவர் இல்லையென்று தலையசைத்தார். "என்னைக் கூப்பிடணும்னாலா?" அதுவும் இல்லை.

அவள் குரல் இறங்கியது. "அண்ணனைக் கண்டுக்காதவ. அதுவா?"

அவரை அவ்வளவு கோபமாக நான் பார்த்ததில்லை. மேஜையை ஓங்கி அடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார். சொல்லு என்று அந்தக் கண் சொன்னது. மறந்துபோச்சு என்று அதற்கு மட்டும் என்னால் பொய் சொல்ல முடியவில்லை. பிறகொரு முறை ஸ்கேன் எடுக்க அவரை உள்ளே தள்ளிக்கொண்டு போனபோது நான் வாசலில் அழுதேன். போனை நீட்டி அவர் எனக்குக் காட்டியது அந்தப் படத்தைத்தான். இடி இடித்து மின்சாரம் போனபோது காட்டியதும் அதுதான். எனக்குக் காய்ச்சல் வந்தபோது தலைமாட்டில் உட்கார்ந்து காட்டிக்கொண்டே இருந்ததும் அதுதான்.

"பயப்படாதே," என்றேன். "அந்தப் படத்துக்கு அதுதான் வார்த்தை. உன் முதுகைப் பாத்தா அவருக்கு அப்படித் தோணுமாம். எல்லாம் சரியாயிடும்னு."

குடைச்சல் கீபோர்டில் கையை வைத்தாள். முதல் எழுத்தே தப்பாக விழுந்தது. அழித்தாள், மறுபடி தப்பாக விழுந்தது. நான் போடுகிறேன் என்றதற்கு வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடித் தட்டினாள். தட்டி முடித்ததும் முகத்தை மூடிக்கொண்டு, "நான் ஒண்ணுமே செய்யலையே அண்ணா, உன்கிட்ட பேசக்கூட இல்லையே" என்று விம்மினாள்.

அவர் அவள் கையை முகத்திலிருந்து விலக்கினார். அவள் நிமிர்ந்து பார்க்கும்வரை காத்திருந்தார். பிறகு திரையில் இருந்த அந்த முதுகின் மேல் விரலை வைத்து, எழுத்துகளை அவளுக்குக் காட்டினார்.